முகம் எந்தப் பக்கம்?

1981 ஜூலை 6, திங்கள். பெரம்பலூர்

பிளஸ் டூ பெண்களுக்கு இன்று அமினோ அமிலம் ஆரம்பித்தேன். கரும்பலகையில் பெரிதாக ஒரு கூட்டல் குறி போட்டேன். நடுவில் கார்பன். அதற்கு நாலு பிணைப்பு. மேலே அமிலத் தொகுதி. ஒரு பக்கம் அமினோ தொகுதி, அதாவது ஒரு நைட்ரஜனும் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஹைட்ரஜனும். மறு பக்கம் ஒற்றை ஹைட்ரஜன். கீழே R. மற்ற மூன்றும் எல்லா அமினோ அமிலத்துக்கும் ஒன்றேதான், இந்த R மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இப்படி இருபது வகை. அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுதான் நம் உடம்பின் புரதமெல்லாம்.

முப்பத்தெட்டுப் பெண்களும் பொறுப்பாக எழுதிக்கொண்டார்கள். ஒருத்திக்காவது புரிந்ததா? கடைசி பெஞ்சுக்காரி கேட்டாள்: "டீச்சர், இது எங்க இருக்கும்?" "உன் முடியில, நகத்துல, மத்தியானம் திங்கப்போற பருப்புல" என்றேன். அவள் சடையை முன்னால் இழுத்துப் போட்டுச் சந்தேகமாகப் பார்த்தாள். தட்டையான படத்தை வைத்துக்கொண்டு நானும் எவ்வளவுதான் கத்துவது!

ஒரே மூலக்கூறில் அமிலமும் காரமும் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து கண்ணகியிடம் சொன்னேன். "உன்னை மாதிரின்னு சொல்லு" என்றாள். தமிழாசிரியையோடு ஒரே வீட்டில் குடியிருந்தால் இதெல்லாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். டிசம்பரில் அரியலூரில் அறிவியல் கண்காட்சி. "கெமிஸ்ட்ரியில நம்ம ஸ்கூல் ஒரு தடவகூட வெச்சதில்ல. நீங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு சிந்தாமணி." சரி என்று சொல்லிவிட்டேன். என்ன வைப்பது?

ஜூலை 9

களிமண் உருண்டையும் விளக்குமாற்றுக் குச்சியும் வைத்து ஒன்று செய்தேன். காய்ந்ததும் நைட்ரஜன் விழுந்து உடைந்தது.

ஜூலை 19, ஞாயிறு

அரும்பாவூர் போய் வந்தேன். மாமா வீட்டுக்கு என்று சொல்லிக்கொண்டு போனாலும், போனது செல்லமுத்து அத்தானின் பட்டறைக்குத்தான்.

இதை இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது? அம்மாவின் அண்ணன் மகன். நான் பிறந்தபோதே இவனுக்கு இவள் என்று பேசி வைத்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன், திருச்சிக்குப் படிக்கப் போனேன், எம்.எஸ்சி. முடித்தேன். அவர் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறினார், உளியைப் பிடித்தார், இப்போது சொந்தப் பட்டறை, ஊர் ஊராகக் கோயில் வாகனத்துக்கும் வாசல் கதவுக்கும் அழைக்கிறார்கள். ஆனால் நான் எம்.எஸ்சி. என்றதும் மாமா வீட்டில் பெண் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மரியாதையாம்! என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? எனக்கு அவரைப் பிடிக்கும். எனக்கு இருபத்தெட்டு வயது, இதை எழுத வெட்கப்பட வேண்டிய அவசியமில்லை.

பட்டறையில் மரத்தூளின் மேல் விரலால் கூட்டல் குறி வரைந்து விளக்கினேன். அவர் உட்கார்ந்து கேட்டார். முப்பத்தெட்டுப் பெண்கள் கேட்காத மாதிரி கேட்டார்.

"அப்ப ஒடம்பு ஒண்ணு. கால் மட்டும் மாறிக்கிட்டே இருக்கும்."

"ஆமா அத்தான்."

"அப்ப காலை முளை வெச்சு மாட்டற மாதிரி செஞ்சா போதும். கழட்டிக் கழட்டி மாட்டிக்கலாம். மத்ததை ஒட்டிடறேன்."

எனக்கு இது தோன்றவே இல்லை. இருபது R-ஐயும் மாற்றி மாற்றி மாட்டிக் காட்டினால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். இப்போதைக்கு ஆறு போதும் என்றேன்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கு முகம் எந்தப் பக்கம்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது சாமியா அத்தான்? அதுக்கு முகமெல்லாம் கெடையாது." அவரும் சிரித்துவிட்டு, விவரமெல்லாம் ஒரு கார்டில் எழுதிப் போடச் சொன்னார். மறந்துபோகுமாம். புறப்படும்போது, "மூக்குத்தி புதுசா?" என்றார். போன தையில் குத்தியது. சரியாகப் பார்த்திருக்கிறாரே என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 22

கார்டு போட்டாயிற்று. அவருக்குப் புரியட்டும் என்று அவர் பாஷையிலேயே எழுதினேன்: "நடுவில் கரி, கறுப்பு. தலையில் அமிலம், அதில் ஆக்சிஜன் இரண்டும் சிவப்பு. இடக்கையில் நைட்ரஜன், நீலம். வலக்கையில் ஹைட்ரஜன், வெள்ளை. காலில் மாறும் பகுதி. தலையும் காலும் சற்றுப் பின்னே சாய வேண்டும். கைகள் இரண்டும் முன்னே நீட்டியிருக்க வேண்டும்." படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இவ்வளவு தெளிவாகப் பாடப் புத்தகத்தில்கூட இல்லை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு. விக்கிரமங்கலம்

அப்பா ஒரு இடம் பார்த்திருக்கிறார். எறையூர் சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட். கிருஷ்ணமூர்த்தி என்று பெயர். "ஒம் படிப்புக்குத் தகுந்த எடம்மா. ரெண்டு பேரும் ஒரே பாடம் வேற" என்கிறார். ஏதோ ஒரே பாடம் படித்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து டெஸ்ட் எழுதப் போகிற மாதிரி.

அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். தன் அண்ணன் வீட்டில் கேட்கவில்லையே என்ற வருத்தம் அவளுக்கு என்னைவிட அதிகம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 10

அரும்பாவூரிலிருந்து கார்டு. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"சிந்தாவுக்கு. இங்கு அனைவரும் நலம். உருண்டைகள் முடிந்தன. வாகை மரம். வெள்ளை மட்டும் நிறைய கேட்கிறதே, இந்த ஹைட்ரஜனுக்கு வேறு வேலை கிடையாதா? எங்கே பார்த்தாலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. நைட்ரஜனுக்கு நீலம் அடித்தேன். கிருஷ்ணனோ என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் மறுக்கவில்லை. செ.மு."

நாலு தரம் படித்தேன். கண்ணகி பறித்து ஐந்தாம் தரம் படித்தாள்.

அக்டோபர் 4, ஞாயிறு

இன்று போனபோது பினைல் அலனினின் காலைச் செய்துகொண்டிருந்தார். ஆறு கார்பன் வளையம். ஆறையும் ஒரே அளவில் கோத்து, அறுகோணம் இம்மி பிசகவில்லை. கணக்கில் தவறியவராம்!

உடம்புகள் ஆறும் துணியில் சுற்றி மூலையில் இருந்தன. பார்க்கக் கேட்டேன். வச்சிரப் பசை காயவில்லை, தொடாதே என்றார். அத்தை கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தது. எறையூர் விஷயம் இங்கே தெரியுமா, தெரியாதா? அத்தை என் தலையைத் தடவிவிட்டுப் போனதைப் பார்த்தால் தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நானும் ஏன் சொல்லவில்லை?

நவம்பர் 12

அப்பாவின் கடிதம். எறையூர்க்காரர்கள் தைக்குள் பதில் கேட்கிறார்கள்.

டிசம்பர் 1, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன்.

மத்தியானம் அவரே கொண்டுவந்தார். ஒரு சாக்கு நிறைய வைக்கோல், அதற்குள் ஆறு பொம்மை. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆசிரியர் அறை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தினார். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். குழந்தையை வாங்கக் கை நீட்டியது போல் ஆறும் நின்றன. அவ்வளவு அழகு.

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அலனினைக் கையில் எடுத்துப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். தலை மேலே, கைகள் என்னைப் பார்த்து. நீலம் எனக்கு வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்! திருப்பினால் கைகள் அந்தப் பக்கம் போகின்றன. கவிழ்த்தால் தலை கீழே போகிறது. எப்படிப் பிடித்தாலும் கண்ணாடிக்குள் தெரிகிற அலனின்தான் அது. நம் உடம்பு புரதம் கட்டுவது அதை வைத்து அல்ல. ஐந்தும் அப்படியே. கிளைசின் மட்டும் பிழைத்தது. அதற்கு R-ம் ஹைட்ரஜன்தான், எந்தக் கையில் எது என்ற கேள்வியே அதற்குக் கிடையாது.

நாலு நாளில் கண்காட்சி. நான் என்ன செய்தேன்? எல்லார் முன்னாலும் கத்தினேன். "எல்லாமே தலைகீழ்! எத்தனை தெளிவா எழுதிப்போட்டேன்! உளி புடிச்ச கைக்கு இதெல்லாம் எங்க எட்டும், குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அவர் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். "நீ எழுதுனபடிதான் செஞ்சேன் சிந்தா" என்றார். அவ்வளவுதான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டீ பாதி அப்படியே இருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அந்த மட்டும்கூட இல்லை.

டிசம்பர் 2

பௌதிகம் நடராசன் சார் சமாதானம் சொன்னார்: "யாருக்கும்மா தெரியப்போவுது? அரியலூர்ல வந்து யாரு எடது வலது பாக்கறா? அப்படியே வெச்சிடுங்க." எனக்குத் தெரியுமே சார் என்றேன்.

சாயங்காலம் பொம்மைகளை மறுபடி சாக்கில் வைக்கும்போது வைக்கோலுக்குள் என் கார்டு கிடந்தது. மடங்கி, பசை படிந்து, ஓரமெல்லாம் மரத்தூள். நாலைந்து மாதமாக எதிரிலேயே வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். "இடக்கையில் நைட்ரஜன்." என் கையெழுத்துத்தான். நான் எழுதியதுதானே சரி?

கண்ணகி வாங்கிப் படித்தாள். "ஏன்டி, முருகனுக்கு வலது கையில வேல்னா, அது யாருக்கு வலது? உனக்கா, முருகனுக்கா?"

கார்டைத் திரும்ப வாங்கி இன்னொரு தரம் படித்தேன்.

முருகனுக்கு. சிலை செய்கிறவர்களுக்கு எப்போதும் சிலையின் வலதுதான் வலது. எதிரே நின்று கும்பிடுகிறவனின் வலதைப் பற்றி அவர்களுக்கு என்ன? நான் இடக்கை என்று எழுதினேன். அவர் பொம்மையை முன்பக்கம் பார்க்க நிறுத்தி, அதன் இடக்கையில் நீலத்தை வைத்தார். எனக்கு எதிரே நின்றால் அதன் இடக்கை என் வலப்பக்கம்தான் வரும். என் கையையே கண்ணகிக்கு எதிரே நீட்டிப் பார்த்தேன். அப்படித்தான் வருகிறது.

முகம் எந்தப் பக்கம் என்று அன்றைக்கே கேட்டார். நான் சிரித்தேன். கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவர் கேட்டிருக்கிறார், எம்.எஸ்சி. படித்தவளுக்கு அது எட்டவில்லை. கண்காட்சி கெட்டுப் போனாலும் போகட்டும். அவர் மனதில் எதை நினைத்து இத்தனை வருஷம் ஒதுங்கி நின்றாரோ, அதையே என் வாயால் சொல்லிவிட்டேனே. இனி அவர் எப்படி வந்து கேட்பார்?

நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 3, வியாழன்

முதல் பஸ்ஸில் சாக்கோடு போய் இறங்கினேன். பட்டறையில் கதவுப் பலகையில் கொடி செதுக்கிக்கொண்டிருந்தார். "வா" என்றார், உளியை நிறுத்தவில்லை. வந்தவர்களை வா என்று கேட்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"எந் தப்புதான் அத்தான். நான்தான் எதிர்ல நின்னு பாத்து எழுதுனேன்" என்றேன்.

"முகம் எந்தப் பக்கம்னு கேட்டேன்ல."

"கேட்டீங்க."

"செரி விடு. எடது வலது எல்லாருக்கும் வர்ற தப்புதான்." உளியையும் அதைத் தட்டும் கொட்டாப்புளியையும் கீழே வைத்தார். "இன்னொண்ணு சொன்னியே, அது தப்பு இல்ல. நெஜந்தான். அதனாலதான் எங்க வூட்டுல கேக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று அழுதுகொண்டே சொன்னேன்: "கார்டுல எழுதுனதும் தப்பு, ஸ்கூல்ல சொன்னதும் தப்பு. ரெண்டையும் பிரிச்சு மறுபடி ஒட்டணும். அதுக்குத்தான் வந்தேன்."

அவர் எழுந்து போய் அடுப்பில் சட்டியை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

வச்சிரப் பசை சூட்டுக்கும் தண்ணீருக்கும் இளகிவிடும். ஆவியில் பிடித்தார், நான் கைகளை மெல்லத் திருகி எடுத்தேன். ஐந்து பொம்மை, பத்துக் கை. வேலை நடக்கும்போது அந்தப் பசை எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். மாட்டுத் தோல், எலும்பு எல்லாம் காய்ச்சுவது என்றார். "அப்ப அதுவும் அமினோ அமிலந்தான் அத்தான். நெறைய கிளைசின்."

அவர் கையிலிருந்த பொம்மையையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இத்தினி நாளா நான் பொம்மையை வெச்சே பொம்மையை ஒட்டியிருக்கேனா?" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

கைகளை மாற்றி ஒட்டிக் காயவைத்து, பெயின்ட் உரிந்த இடத்தை அவரும் நானும் தொட்டுவைத்தோம். கடைசிப் பொம்மை முடியும்போது, குனிந்தபடியே கேட்டார்: "எறையூருக்கு என்னா பதில் சொன்ன?"

"இன்னும் சொல்லல."

"ஏன்?"

"கேக்க வேண்டியவங்க கேக்கல. அதான்."

பஸ் வரைக்கும் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் விரலெல்லாம் இன்னும் பிசுபிசுவென்று இருக்கிறது, கழுவவில்லை.

டிசம்பர் 5, சனி. அரியலூர்

கண்காட்சி. நல்ல கூட்டம். என் பெண்கள் காலைக் கழற்றிக் கழற்றி மாட்டிக் காட்டினார்கள். "இது கிளைசின், இது அலனின், ஒடம்பு ஒண்ணுதாங்க, R மட்டும் வேற." கடைசி பெஞ்சுக்காரிதான் எல்லாரையும்விடப் பெரிய குரலில் சொன்னாள். இடது வலது கேட்டவர்களுக்கு உள்ளங்கை இரண்டையும் சேர்க்கச் சொன்னேன். எதிரெதிரே சேர்த்தால் பொருந்துகிறது, ஒரே பக்கம் பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தவில்லை. நம் உடம்பின் புரதத்தில் ஒரு கை வகைதான் செல்லுபடியாகும் என்றதும் வாயைப் பிளந்தார்கள். இரண்டாம் பரிசு. முதல் பரிசு தானாக மணியடிக்கும் ஏதோ ஒன்றுக்கு.

மத்தியானம் அப்பா வந்தார், விக்கிரமங்கலத்திலிருந்து இதற்கென்றே. மேசையில் நான் எழுதி வைத்திருந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "மாதிரிகள் செய்தவர்: செல்லமுத்து, அரும்பாவூர்."

"நம்ம செல்லமுத்துவா?"

"ஆமாப்பா."

ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், அது இருந்த இடத்திலேயே வைத்தார். அப்பா எதையும் அப்படித்தான் வைப்பார். "எறையூருக்கு என்னாம்மா சொல்றது?"

"வேணாம்னு சொல்லிடுங்கப்பா."

"ஏன்?" என்றார். நான் அட்டையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அவன் வந்து கேக்கலியேம்மா. பொண்ணு வெச்சிருக்கறவன் நானாப் போயி கேக்க முடியுமா?"

"கேட்டாங்கன்னா?"

"கேக்கட்டும். அப்பறம் பாப்போம்."

டிசம்பர் 20

ஒன்றுமில்லை. கார்டும் இல்லை.

1982 ஜனவரி 16, சனி. விக்கிரமங்கலம்

காணும் பொங்கல். பத்து மணிக்கு மாமாவும் அத்தையும் தட்டோடு வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ. அம்மா அவர்களை வா என்று கூப்பிடக்கூட முடியாமல் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வராமல் மாட்டுக் கொட்டகையில் நின்று, மாட்டின் கொம்புக்கு அடித்த பெயின்ட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கூச்சம் வந்தால் எதையாவது சோதிப்பார்.

அப்பா அங்கேயே போய் ஒன்றுதான் கேட்டார். "புள்ள வேலைய விடணும்பியா?"

"அதை எதுக்கு மாமா விடணும்? அரும்பாவூருலேருந்து பஸ்ஸு இருக்குல்ல."

நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டேன். போதும், இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜூலை 12, திங்கள். அரும்பாவூர்

முதல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பெரம்பலூரில் இறங்கிப் பள்ளிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். நல்லவேளை, பிரேயர் முடியவில்லை.

புதுப் பிளஸ் டூ. அதே பாடம். ஆய்வகப் பீரோவிலிருந்து ஆறு பொம்மையையும் எடுத்துவரச் சொன்னேன். போன மாதம் பெயின்ட் மங்கியிருக்கிறது என்று அவர் பட்டறைக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தந்தது, நான் துணியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் நிறுத்திவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பின்னால் ஒரே சிரிப்பு.

"டீச்சர், இதுக்கு மூக்கு இருக்கு!"

எடுத்துப் பார்த்தேன். நடுவில் இருக்கிற கறுப்புக் கார்பனில், கைகள் நீண்டிருக்கும் பக்கம், சின்னதாக ஒரு மூக்கு. அரிசி அளவுதான். அதில் வலது பக்கம், அதன் வலது பக்கம், ஒரு பித்தளை ஆணியின் தலை. மூக்குத்தி. ஆறுக்கும் இருந்தது. தேவையே இல்லாத கிளைசினுக்கும் இருந்தது.

பெண்கள் பொம்மையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு வகுப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். என் மானமே போயிற்று, யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள் என்றேன். அவர் அத்தை சுட்ட அடையைப் பிட்டுக்கொண்டே, "முகம் கெடையாதுன்னு நீ சொன்ன. நான் தேடிப் பாத்தேன், இருந்துச்சு" என்றார்.

கிளைசினைத் திருப்பிக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து போதும்.